ஆடிக்கு முன் கொல்லையைக் கொத்துங்கள்

குருவிநத்தத்தாரே, கொல்லைக்கும் சிமெண்ட் பூசுவதை நிறுத்துங்கள். பாகூர்ப் பக்கம் புதுச்சேரிக்குச் சோறு போட்ட மண். இங்கே குடியிருந்துகொண்டு ஒரு கட்டு அரைக்கீரைக்குத் தள்ளுவண்டியை எதிர்பார்த்து நிற்பது அழகில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காயும் கீரையும் வேண்டும் என்கிறது ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில். நாலு பேர் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். கூலிக் காசில் இதை வாங்கிக் கட்டுமா? கட்டாது. அதனால்தான் பிள்ளைகள் தட்டில் ரசமும் அப்பளமுமாகப் போகிறது.

காசில்லை என்று தட்டிக்கழிக்காதீர்கள். கலர்த் தொட்டியும் தேங்காய்நார்க் கட்டியும் மண்ணில்லாத மாடிவாசிகளின் செலவு. நமக்குத் தொடங்க ஒரு சென்ட் போதும். மக்கிய எருவைப் போட்டுக் கொத்துங்கள். ஆடு, கோழி புகாமல் முள்வேலி அடையுங்கள். வேலியை விட்டால் மற்றதெல்லாம் செய்தும் வீண். கீரைப் பாத்தியை நாலாகப் பிரித்து, வாரத்துக்கு ஒன்றாக, விதையை மணலில் கலந்து தூவுங்கள். முதல் பாத்தி 25 நாளில் அறுப்புக்கு வரும்போது அடுத்தது தயாராகிக்கொண்டிருக்கும். வெண்டைக்கு ஒன்றரை மாதம். கழுவுதண்ணீர் ஓடுமிடத்தில் வாழை வையுங்கள். சோப்புத் தண்ணீரைக் கீரைக்குத் திருப்பாதீர்கள்.

தள்ளிப்போட நேரமில்லை. நாம் தென்பெண்ணையாற்றுப் பக்கத்துக்காரர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் ஆற்றில் பெருகி வந்தது. மறந்துவிட்டதா? ஆடியில் போட்டால் ஐப்பசி மழைக்குள் கீரையும் வெண்டையும் பலன் தந்துவிடும். புரட்டாசிக்குத் தள்ளினால் நாற்று அழுகும். பாத்தியை ஒரு சாண் உயர்த்தியே கட்டுங்கள். அடுத்த வருஷ விதைக்கு, நல்ல செடியில் இரண்டு காயை முற்றவிட்டு, விதையைக் காயவைத்துப் பாட்டிலில் அடைத்துப் பரணில் வையுங்கள். வீரிய ஒட்டுவிதைப் பாக்கெட் வாங்கினால் அடுத்த வருஷமும் கடைக்குத்தான் போகவேண்டும்.

இன்னொன்று, இதைக் கோபமாகவே சொல்கிறேன். நெல்லுக்கு வாங்கிய மருந்து மிச்சமிருக்கிறதே என்று கத்தரிக்கு அடிக்காதீர்கள். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிக்கு அடிக்கக்கூடாதென்று 2005லேயே அரசு தடுத்தது. சொந்தப் பிள்ளை தின்னும் காயில் அதைத் தெளிக்க எப்படி மனம் வருகிறது? அதற்குப் பதில், கத்தரியில் வாடிய நுனித் தண்டைக் கிள்ளி எரியுங்கள். உள்ளே புழு இருக்கும். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டித் தெளியுங்கள்.

கடைசியாக, ஆம்பிளைகளுக்கு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் இடுப்பொடிந்து திரும்புகிறவள் தலையிலேயே தோட்டத்தையும் கட்டாதீர்கள். காலையில் டீக்கடைக்குக் கிளம்பும் முன் தண்ணீர் ஊற்றுவது உங்கள் வேலை. இன்னும் தோட்டம் போடாத பக்கத்து வீட்டுக்கு இரண்டு கத்தரி நாற்றும் ஒரு முருங்கைக் கொம்பும் கொண்டுபோய்க் கொடுப்பதும் உங்கள் வேலைதான்.