எல்லைக்கோட்டை வரைந்தவர் யார்

பொதுக்கல்வி என்பது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக அரசு ஏற்றுக்கொண்ட கடமை என்றால், ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் கல்வி அது வாழும் பகுதியின் நிலமதிப்புக்கு ஏற்ப உயரவும் தாழவும் விடலாமா என்ற கேள்வி, பார்வைக்கு வரவுசெலவுக் கணக்கைப் பற்றியது போலத் தோன்றினாலும், அடிப்படையில் நீதியைப் பற்றிய கேள்வியே ஆகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கேள்வியை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தியவர்களுள், டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் உழைத்துப் பிழைத்த மெக்சிக்க வம்சாவளிப் பெற்றோர்கள் தனியிடம் பெறுகிறார்கள். அவர்கள் தொடுத்த வழக்கு தோற்றது என்பதனாலேயே, அது எழுப்பிய கேள்வி இன்னும் முடிவடையாமல் இருக்கிறது.

அந்நாட்டில் பள்ளிகளை நடத்தும் பொறுப்பு மாநிலங்களுடையது. மாநிலங்கள் தம் நிலப்பரப்பைப் பள்ளி மாவட்டங்கள் எனப்படும் சிறு ஆட்சிப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்த மாவட்டத்திலுள்ள வீடுகள், கடைகள், ஆலைகள் ஆகியவற்றின் மீது சொத்து வரி விதித்துப் பள்ளிச் செலவின் ஒரு பகுதியைத் திரட்டிக்கொள்ளும் அதிகாரத்தை அவற்றுக்கு அளித்தன. எஞ்சியதை மாநில மானியமும் நடுவண் அரசின் உதவியும் ஈடுசெய்தன. இந்த ஏற்பாட்டில் ஒரு மாவட்டத்தின் வரவை முடிவு செய்வது வரி விகிதத்தைக் காட்டிலும் வரி விதிக்கக் கிடைக்கும் சொத்தே என்பதைச் சான் அன்டோனியோவின் இரு மாவட்டங்களின் கணக்கு ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது.

கடைகளும் ஆலைகளும் அரிதாக இருந்த எட்ஜ்வுட் மாவட்டத்தில் ஏறத்தாழ 22,000 மாணவர்கள் படித்தார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் மெக்சிக்க வம்சாவளியினர். 1967-68 கல்வியாண்டில் அங்கே மாணவர் ஒருவருக்கு 5,960 டாலர் பெறுமான சொத்தே வரிக்கு உட்பட்டிருந்தது. வட்டாரத்திலேயே மிக உயர்ந்த விகிதமாக, 100 டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் என்று அம்மக்கள் தங்கள் மீது வரி விதித்துக்கொண்ட போதிலும், மாணவர் ஒருவருக்குத் திரண்ட தொகை 26 டாலர் மட்டுமே. அதே நகர்ப்பரப்பில், வெள்ளையரான வசதி படைத்தோர் மிகுதியாக வாழ்ந்த அலமோ ஹைட்ஸ் மாவட்டத்தில் மாணவர் ஒருவருக்கு 49,000 டாலருக்கு மேற்பட்ட சொத்து இருந்ததால், 85 சென்ட் என்ற குறைந்த விகிதத்திலேயே 333 டாலர் கிடைத்தது. மாநில மானியம் முதலாவதற்கு 222 டாலர், இரண்டாவதற்கு 225 டாலர். நீதி என்பது தகவுக்கேற்பப் பகிர்தல் என்றும், சமமல்லாத நிலையில் இருப்போருக்குச் சமமாகப் பகிர்வதும் சச்சரவுக்கு வித்திடும் என்றும் அரிஸ்டாட்டில் கருதினார். ஆனால் இங்கே சமமான பகிர்வுகூட நிகழவில்லை, ஏனெனில் தேவையில்லாதவருக்கே மூன்று டாலர் கூடுதலாகச் சென்றது. நடுவண் அரசின் உதவியையும் சேர்த்துக் கூட்டினால் எட்ஜ்வுட் மாணவருக்கு 356 டாலரும் அலமோ ஹைட்ஸ் மாணவருக்கு 594 டாலரும் ஆயின.

1968 மே 16 அன்று எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் ஏறத்தாழ 400 பேர், பழுதுபட்ட கட்டடங்களையும் தகுதிபெற்ற ஆசிரியர்கள் இல்லாமையையும் எதிர்த்து வகுப்புகளை விட்டு வெளியேறினார்கள். பெற்றோர்கள் சங்கமாகக் கூடி ஆர்தர் காக்மன் என்ற வழக்கறிஞரை அணுகினார்கள். விமானப்படைத் தளத்தில் உலோகத் தகட்டு வேலை பார்த்து வந்த டெமெட்ரியோ ராட்ரிகஸின் பெயரில் அவ்வாண்டிலேயே வழக்குத் தாக்கலாயிற்று. மூன்று நீதிபதிகள் அடங்கிய நடுவண் நீதிமன்றம் 1971 டிசம்பரில் பெற்றோர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1973 மார்ச் 21 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. கல்வி அரசமைப்புச் சட்டத்தால் காக்கப்படும் அடிப்படை உரிமை அன்று என்பதும், அடிப்படையான கல்வி எவருக்கும் முற்றிலும் மறுக்கப்படவில்லை என்பதும், தம் பிள்ளைகளின் பள்ளியைத் தாமே ஆளும் உள்ளூர் மக்களின் அதிகாரத்தைக் காப்பது மாநிலத்தின் நியாயமான நோக்கமே என்பதும் பெரும்பான்மைத் தீர்ப்பின் தூண்கள்.

உள்ளூர் அதிகாரம் என்ற வாதத்தை எளிதாக ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. தீர்ப்பை எழுதிய லூயிஸ் பவல் ஒருகாலத்தில் ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத்துக்குத் தலைமை தாங்கியவர். குழந்தைக்கு மிக அருகில் இருப்பவர்களே அதன் கல்வியைப் பற்றி முடிவு செய்ய வேண்டும் என்ற கருத்தில் உண்மை உண்டு. ஆயினும் அதிகாரம் என்பது தேர்ந்தெடுக்கும் ஆற்றலையும் உள்ளடக்கியது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பைரன் வைட், வட்டாரத்தின் மிக உயர்ந்த வரவை எட்டுவதற்கு அலமோ ஹைட்ஸ் 68 சென்ட் விகிதத்தில் வரி விதித்தால் போதும் என்றும், எட்ஜ்வுட்டோ 5.76 டாலர் விகிதத்தில் விதிக்க வேண்டியிருக்கும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார். மாநிலச் சட்டம் அனுமதித்த உச்ச வரம்போ 1.50 டாலர்தான். நல்ல பள்ளிக்காக எவ்வளவு வேண்டுமானாலும் ஈகம் செய்ய ஆயத்தமாக இருந்த மக்களை அவ்வாறு செய்யவிடாமல் தடுத்த அதே மாநிலம், அவர்களுடைய வறிய பள்ளிகளை அவர்களே தேர்ந்துகொண்டவை போல நீதிமன்றத்தில் பேச முடிந்தது. இத்தீர்ப்பில் மிகவும் வருந்தத்தக்க இடம் இதுவே.

கத்தோலிக்கச் சமூகப் போதனையில் துணைமைக் கோட்பாடு என்று ஒன்று உண்டு: சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம்; 1931-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல் இதற்குத் தெளிவான வடிவம் தந்தது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது பவலின் பக்கம் நிற்பது போலத் தோன்றும். ஆனால் அக்கோட்பாட்டின் பெயர் உதவி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. சிறிய சமூகம் தன் கடமையை ஆற்ற இயலாதபோது பெரியது கைகொடுக்க வேண்டும் என்பது அதன் மறுபாதி. அக்கோட்பாட்டின் இரு பாதிகளும் ஒருசேர நடைமுறையில் வெளிப்பட்ட இடமாகச் சான் அன்டோனியோவின் மேற்குப்புறத்தைக் கொள்ளலாம்: 1974-இல் அங்குள்ள கத்தோலிக்கப் பங்குகளை அடித்தளமாகக் கொண்டு எர்னெஸ்டோ கோர்ட்டெஸ் உருவாக்க உதவிய பொதுச்சேவைக்கான சமூகங்களின் அமைப்பு, மழைநீர் வடிகால் முதலான தேவைகளுக்காக மக்களைத் தாமே திரண்டு பேசப் பழக்கியது, அதே மூச்சில் நகராட்சியின் பணத்தையும் கேட்டது. தன்னாட்சியும் பொது உதவியும் ஒன்றையொன்று விலக்குவன என்று அந்தத் திருச்சபை மக்களுக்குத் தோன்றவில்லை.

தீர்ப்பின் மற்றொரு தூண், போதுமைக் கொள்கை எனத்தக்கது. ஒருவரிடம் மற்றவரைவிடக் குறைவாக இருப்பது தவறன்று, போதுமான அளவு இல்லாமையே தவறு என்று ஹாரி பிராங்க்பர்ட் 1987-இல் வாதிட்டார். பவலின் தீர்ப்பு அதற்கு முன்பே அந்தத் தடத்தில் நடந்திருந்தது. உணவைப் பொறுத்தவரை இவ்வாதம் ஏற்கத்தக்கது, ஏனெனில் அண்டைவீட்டாரின் விருந்தால் வயிறு நிறைந்தவருடைய பசி கூடுவதில்லை. கல்வியோ, அதன் பயனில் ஒரு பகுதி வரிசையில் ஒருவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கல்லூரி இடத்துக்கும் வேலைக்கும் போட்டியிடும்போது, ஒருவருடைய கல்வி உயர்வது மற்றவருடைய கல்வியின் மதிப்பைக் குறைத்துவிடுகிறது. சமப் பாதுகாப்பு என்ற அரசமைப்பு வாக்குறுதி குறைந்தபட்சப் போதுமையைப் பற்றியதன்று, அரசே விளைவிக்கும் நியாயமற்ற ஏற்றத்தாழ்வைப் பற்றியது என்று நீதிபதி தர்குட் மார்ஷல் தம் மாறுபட்ட தீர்ப்பில் எடுத்துரைத்தது இவ்விடத்தில் சரியான விடை. போதுமைக் கொள்கைக்கு நடைமுறை வலிமை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: 1989-இல் கெண்டக்கி மாநில உச்ச நீதிமன்றம், மாணவர் பெற வேண்டிய ஏழு திறன்களை வரையறுத்து, அவற்றைத் தராத மாநிலப் பள்ளி அமைப்பு முழுவதையுமே செல்லாது என்று அறிவித்தது.

ஆயினும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது எல்லைக்கோட்டைப் பற்றிய கேள்வி. பிறப்பின் சூழல் அறநோக்கில் தற்செயலானது, அதன் விளைவுகளைச் சமூக நிறுவனங்கள் கையாளும் முறையே நீதியும் அநீதியும் ஆகும் என்று ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலில் விளக்கினார். எட்ஜ்வுட் குழந்தையின் நிலைமை அதனினும் கடுமையானது. வறிய வீட்டில் பிறந்தது தற்செயல் என்றே கொண்டாலும், அவ்வீட்டைச் சுற்றி ஒரு கோடு வரைந்து, அக்கோட்டுக்குள் இருக்கும் சொத்திலிருந்து மட்டுமே உள்ளூர் வரியைத் திரட்ட வேண்டும் என்று விதித்தது டெக்சஸ் மாநிலம். ஆறும் மலையும் வரைந்த எல்லையாக அதைக் கருதும் உரிமை அக்கோட்டைத் தானே வரைந்த அரசுக்கு இல்லை.

நடுவண் நீதிமன்றத்தின் கதவு அடைபட்ட பின், 1984-இல் எட்ஜ்வுட் மாவட்டமும் பிறரும் டெக்சஸ் அரசமைப்பின் துணைகொண்டு மாநில நீதிமன்றத்தை நாடினார்கள். திறமையான பொதுப்பள்ளி அமைப்பை நிறுவிக் காக்கும் கடமையை அந்த அரசமைப்பே சட்டமன்றத்தின் மீது சுமத்துகிறது. மிகச் செல்வமான மாவட்டத்துக்கும் மிக வறிய மாவட்டத்துக்கும் இடையே மாணவர் ஒருவருக்குரிய சொத்து மதிப்பு 700-க்கு 1 என்று இருந்ததைச் சுட்டி, மாநில உச்ச நீதிமன்றம் 1989 அக்டோபரில் ஒருமனதாக அந்த அமைப்பைச் செல்லாததாக்கியது. அதன் பின் சட்டமன்றம் இயற்றியவை மீண்டும் மீண்டும் தள்ளப்பட்டு, செல்வமான மாவட்டங்களின் வரவில் ஒரு பங்கை வறியவற்றுக்குத் திருப்பும் 1993-ஆம் ஆண்டுச் சட்டமே 1995-இல் நிலைபெற்றது. மக்கள் வழக்கில் அதற்கு ராபின் ஹுட் திட்டம் என்ற பெயர் படிந்தது. செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த அந்தக் கதைமாந்தனின் பெயர், கோட்டுக்கு அப்பால் இருந்த வரிப்பணம் முதலில் அங்கிருந்தோருக்கே உரியது என்ற எண்ணத்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுவிடுகிறது. மாநிலத்தின் கடமைக்காக மாநிலத்தின் அதிகாரத்தால் திரட்டப்பட்ட பணத்தை மாநிலக் குழந்தைகளுக்குப் பகிர்வது பறித்தல் ஆகாது.

1968-இல் எட்ஜ்வுட்டில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைக்கு, அந்தச் சட்டம் நிலைபெற்ற 1995-இல் வயது முப்பதைக் கடந்திருந்தது.