விலையும் வாக்கும்: கற்பனைக் கூடைப்பந்து லீக்கின் ஒப்பந்த நீடிப்பை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

பேரம் என்பது இருவருக்கிடையே நிகழும் காரியம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. கொடுப்பவரும் கொள்பவரும் இசைந்துவிட்டால் பிறர் அதில் தலையிட இடமில்லை என்பது சந்தையின் வழக்கு. ஆயின், பேசப்படும் பொருள் ஒரு மனிதரின் உழைப்பாகவும், அம்மனிதர் பேச்சு நடப்பதையே அறியாதவராகவும், பேசுவோர் வெறும் பொழுதுபோக்குக்காகப் பேசுவோராகவும் இருப்பின், அங்கே கடமை என்று ஒன்று உண்டா? உண்டெனின் அது யாருக்கு உரியது? அற்பமானதாகத் தோன்றும் ஒரு விளையாட்டு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

அமெரிக்காவிலே தோன்றிப் பல நாடுகளுக்கும் பரவியுள்ள கற்பனை லீக் விளையாட்டின் இன்றைய வடிவத்துக்கு வழிகோலியவர் டானியல் ஒக்ரென்ட் என்னும் எழுத்தாளரும் அவருடைய நண்பர்களுமாவர். நியூயோர்க்கில் தாம் கூடிய லா ரொட்டிசெரி பிரான்சேஸ் என்ற உணவகத்தின் பெயரைத் தழுவி, 1980ஆம் ஆண்டுப் பேஸ்போல் பருவத்தில் அவர்கள் தம் லீக்கை நடத்தினர். பின்னர் இம்முறை கூடைப்பந்துக்கும் வந்து சேர்ந்தது. பத்து அல்லது பன்னிரண்டு பேர் சேர்ந்து, தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் அணிகளில் உண்மையாக ஆடும் வீரர்களைக் கற்பனைப் பணத்தால் ஏலத்தில் எடுப்பர். அவ்வீரர் மெய்யான ஆட்டத்திற் பெறும் புள்ளிகள், மீட்கும் பந்துகள், பிறர் புள்ளி பெறக் கொடுக்கும் பந்துகள் முதலியன கணக்கிடப்பட்டு, அவரை எடுத்த கற்பனை உரிமையாளரின் பெயரிலே சேர்க்கப்படும். எல்லோருக்கும் ஒரே அளவான பணமே உண்டு. ஆதலால் ஒருவருக்கு மிகுதியாகக் கொடுத்தவர் இன்னொருவருக்குக் குறைத்தே கொடுக்கவேண்டும்.

ஆண்டுதோறும் தொடரும் லீக்குகளில் வீரருக்குக் கற்பனை ஒப்பந்தமும் உண்டு. அது முடியும் தறுவாயில் உரிமையாளர் அதனை நீடிக்க விரும்பலாம். சில லீக்குகளில் இதற்கு நிலையான சூத்திரம் உண்டு. வேறு சிலவற்றில் மற்றோர் உறுப்பினர் வீரரின் முகவராக வேடம் பூண்டு உரிமையாளரோடு பேரம் பேசுவார். 12 அலகுக்கு எடுக்கப்பட்ட இளம் வீரர் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் 30 அலகு பெறுமதி உடையவராக வளர்ந்துள்ளார் என்று கொள்வோர், பேரத்தின் தன்மையை எளிதில் உணர்வர். உரிமையாளர் மூன்றாண்டுக்கு 18 அலகு என்பார். முகவர் 26 என்பார். இடையில் ஓரிடத்தில் இருவரும் இசைவர். இவை அனைத்தும் நிகழும்போது அவ்வீரரோ எங்கோ ஒரு நகரத்திற் பயிற்சி செய்துகொண்டிருப்பார்.

இதிலே அறம் பற்றிய வினாவுக்கு இடமே இல்லை என்பார் உளர். வீரருக்கு ஒரு சதமேனும் இழப்பில்லை என்பது அவர் வாதம். சட்டமும் பெருமளவுக்கு அவர் பக்கமே நிற்கின்றது. பேஸ்போல் வீரர்களின் பெயரையும் ஆட்டக் கணக்கையும் அனுமதியின்றிக் கற்பனை லீக்குகள் பயன்படுத்தலாமா என்ற வழக்கில், அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2007இல் பயன்படுத்தலாம் என்றே தீர்ப்பளித்தது.

எனினும் சட்டம் அனுமதிப்பதனாலேயே ஒரு செயல் பற்றிய அறவினா முடிந்துவிடுவதில்லை. விலை உடையது, விலைக்கு அப்பாற்பட்ட மதிப்பு உடையது என்று இமானுவேல் கான்ட் 1785இல் வகுத்த வேறுபாடு இவ்விடத்தில் நோக்கற்பாலது. விலையுள்ள பொருளுக்கு ஈடாக இன்னொன்றை வைக்கலாம். மனிதருக்கு அவ்வாறு ஈடு வைத்தல் இயலாது. கற்பனை லீக்கில் விலைபேசப்படுவது மனிதரன்று, அவருடைய ஆட்டக் கணக்கே என்று விடைகூறலாம். அவ்விடை பெரும்பாலும் உண்மையே. ஆனால் 'உரிமையாளர்' என்ற சொல்லுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. மெய்யான வீரர்களும் ஒருகாலத்தில் ஒப்பந்தம் முடிந்த பின்னரும் தாம் விரும்பிய அணிக்குச் செல்ல முடியாதவாறு கட்டப்பட்டிருந்தனர். வீரர் சங்கத்தின் தலைவராயிருந்த ஒஸ்கார் ரொபேட்சனின் பெயரால் 1970இல் தொடுக்கப்பட்ட வழக்கு 1976இல் இணக்கமாக முடிந்த பின்னரே அக்கட்டுத் தளர்ந்தது. ரொபேட்சனோ 1974இலேயே ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பிறருக்காகப் பெற்ற உரிமை அவருக்குப் பயன்படவில்லை. அவர் எதிர்த்த பழைய ஒழுங்கே, வீரர் மறுக்க இயலாத அந்த ஒழுங்கே, கற்பனை லீக்கில் விளையாட்டாக வாழ்கின்றது.

இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு அதிகாரமாகும். பழைய உரிமையாளர் வீரரின் வாழ்வைத் தடுக்க வல்லவராயிருந்தார். கற்பனை உரிமையாளர் அவ்வாறு வல்லவரல்லர். ஆகவே அநீதி என்ற சொல்லை இங்கே வீரரின் பெயரால் எழுப்புதல் பொருந்தாது. அதுமட்டுமன்றி, இரண்டு ஒப்பந்தங்களும் தன்மையிலேயே வேறானவை. சிக்காகோ அணியின் டெரிக் றோஸ் 2011 டிசெம்பரில் ஐந்தாண்டு நீடிப்பு ஒன்றிற் கையொப்பமிட்டார். 2012 ஏப்பிரல் 28ஆம் திகதி அவருடைய முழங்காலின் தசைநார் கிழிந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. மெய்யான ஒப்பந்தம் அவருக்குப் பாதுகாப்பாக நின்றது. உடல் முறியும் ஆபத்தின் ஒரு பகுதியை அணி ஏற்றுக்கொள்ளுதலே நீடிப்பின் உட்பொருள். கற்பனை ஒப்பந்தமோ எவருக்கும் பாதுகாப்பளிப்பதில்லை. அவ்வீரரை நீண்டகாலத்துக்கு எடுத்திருந்த கற்பனை உரிமையாளர் இழப்பது சில அலகுகளை மட்டுமே. ஆதலின், கற்பனை நீடிப்பிலே தரப்படும் வாக்கு வீரருக்குத் தரப்படும் வாக்கன்று.

அவ்வாறாயின் அது யாருக்குத் தரப்படுகின்றது? இவ்வினாவுக்குரிய விடை பேரத்தில் அமராத ஏனைய உறுப்பினர்களிடத்திலேயே உள்ளது. வாக்குறுதி இயற்கையிலே தோன்றிய ஒன்றன்று, ஒருவரையொருவர் நம்பிக் காரியம் செய்தற்பொருட்டு மனிதர் ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கு என்பது டேவிட் ஹியூமின் கருத்து. இக்கருத்து ஒரு லீக்குக்கு முற்றும் பொருந்தும். 30 அலகு பெறக்கூடிய வீரர் 14 அலகுக்கு நீடிக்கப்பட்டால், ஏலத்தில் அவருக்காகப் போட்டியிட்டிருக்கக்கூடிய பதின்மரின் வாய்ப்பு அவர்களைக் கேளாமலே பறிக்கப்படுகின்றது. பேசியவர் இருவர், விலை கொடுத்தவர் எல்லோரும்.

மெய்யான கூடைப்பந்து உலகிலும் இவ்வுண்மை ஒருமுறை வெளிப்படையாக நிறுவப்பட்டது. மினசோட்டா அணி 1999இல் ஜோ சிமித் என்ற வீரரைக் குறைந்த ஊதியத்துக்கு ஒப்பந்தம் செய்தது. பின்னொரு நாளிற் பெருந்தொகைக்கு ஒப்பந்தம் தரப்படும் என்ற இரகசிய உடன்பாடு அதன் பின்னே இருந்தது. அணியும் மனம் ஒப்பியது. வீரரும் மனம் ஒப்பினார். எனினும் அது வெளிப்பட்டபோது, 2000ஆம் ஆண்டில் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கம் அவ்வொப்பந்தத்தை இரத்துச் செய்து, அணிக்கு 3.5 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது. ஐந்து ஆண்டுகளுக்குரிய முதற்சுற்றுத் தெரிவுரிமைகளையும் பறித்தது. அவற்றுட் சில பின்னர் மீளளிக்கப்பட்டன. இசைந்த இருவருள் எவரும் ஏமாற்றப்படவில்லை. ஏமாற்றப்பட்டோர் ஊதிய வரம்பை மதித்து நடந்த ஏனைய அணியினரே. நடுவுநிலைமை பற்றிய அதிகாரத்தை வள்ளுவர் வணிகரைப் பற்றிய குறளோடு நிறைவுசெய்தமையும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. நீதிமன்றத்தில் மட்டுமன்றிப் பேரத்திலும் நடுவுநிலைமை வேண்டப்படுகின்றது.

இனி, பேரத்தின்போது எதனைச் சொல்லவேண்டும், எதனைச் சொல்லாமல் விடலாம் என்ற வினா எழுகின்றது. கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் சிசரோ ஓர் எடுத்துக்காட்டைத் தருகின்றார். றோட்ஸ் தீவிலே பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியத்தோடு வந்து சேர்ந்த வணிகர் ஒருவருக்கு, வேறு பல தானியக் கப்பல்களும் பின்னே வருகின்றன என்பது தெரியும். அதனை வாங்குவோருக்கு அவர் சொல்லவேண்டுமா? சட்டம் கேட்பதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை என்றார் பபிலோனிய டயோஜனிஸ். வாங்குவோர் அறியவேண்டியதை மறைத்தல் தகாது என்றார் அவர் மாணவரான அன்ரிபற்றர். சிசரோ அன்ரிபற்றரின் பக்கமே நின்றார்.

கற்பனை லீக்கில் இவ்வழக்குச் சற்றே மாறுபடுகின்றது. றோட்ஸ் தீவினர் உணவுக்காக வாங்கினர். லீக் உறுப்பினரோ தம்முள் யாருடைய மதிப்பீடு சிறந்தது என்று காண்பதற்காகவே கூடினர். வீரர் ஒருவர் அடுத்த ஆண்டில் மேலும் வளர்வார் என்று கணித்த உரிமையாளர் அக்கணிப்பை முகவராக அமர்ந்தவரிடம் ஒப்புவிக்கவேண்டுமெனின், ஆட்டமே இல்லாது போகும். எல்லோரும் வாசிக்கக்கூடிய செய்தியை ஒருவர் முந்தி வாசித்திருப்பின், அது அவருடைய ஊக்கத்தின் பயன். இம்மட்டில் டயோஜனிஸின் வாதம் சந்தையிலும் பார்க்க விளையாட்டிலே வலுவுடையது. ஆனால் ஓர் அணியிற் பணிபுரியும் உறவினர் மூலம், வேறெவரும் அறியமுடியாத காயம் ஒன்றை அறிந்தவரின் நிலை வேறு. அங்கே வெல்வது மதிப்பீடன்று; கதவொன்று ஒருவருக்கு மட்டும் திறந்திருந்தமையே வெல்கின்றது. அத்தகைய அறிவை மறைத்துப் பேசுதல் அன்ரிபற்றர் கண்டித்த மறைப்பே ஆகும்.

இவ்வளவு கடுமை விளையாட்டுக்கு ஆகாது என ஆட்சேபிக்கலாம். கூடைப்பந்திலேயே வலப்புறம் செல்வதுபோற் காட்டி இடப்புறம் செல்லுதல் திறமையாகப் போற்றப்படுகின்றது. பேரத்தில் மட்டும் ஏமாற்று ஏன் குற்றமாகவேண்டும்? இவ்வாட்சேபம் பொருட்படுத்தற்குரியது. ஆயின் களத்திற் காட்டும் போக்கை எதிராளி எதிர்பார்த்தே நிற்கின்றார். அது எல்லோரும் ஏற்ற விதிக்குள் அடங்கியது. '18 அலகுக்கு மேல் தரமாட்டேன்' என்று உரிமையாளர் உறுதி காட்டுதலும் அத்தகையதே. அதனைக் கேட்பவர் அதன் பொருளை அறிவார். இல்லாத செய்தியை உண்டென்று கூறுதலும், 'இவ்வாண்டு குறைத்துக்கொள், அடுத்த ஆண்டு உனக்கு ஈடுசெய்வேன்' என்று இரு உறுப்பினர் மறைவிற் பேசிக்கொள்ளுதலும் அவ்விதிக்குள் அடங்கா.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு. பகிரங்கப்படுத்தினால் நிலைக்கமுடியாத கொள்கை நீதியற்றது என்ற கருத்தைக் கான்ட் 1795இல் அரசியல் பற்றிக் கூறினார். அக்கருத்தைப் பேரத்துக்கும் கொள்ளலாம். நீடிப்பு முடிந்தபின், அதற்கு இசைந்த காரணத்தை எல்லா உறுப்பினர் முன்னிலையிலும் உரத்துச் சொல்ல முடியுமாயின் அப்பேரம் நேர்மையானது. 'இவர் வளர்வார் என்று கணித்தேன்' என்பதை எவரும் சொல்லலாம். 'நண்பருக்காக விலையைக் குறைத்தேன்' என்பதைச் சொல்ல நாக்கூசும். முகவராக அமர்பவருக்கு இவ்வுரைகல் பெரிதும் வேண்டும். அவர் போட்டியாளரும் ஆவார். விலையை உயர்த்தி எதிராளியை நலிவிக்கவும், தாழ்த்தி நட்பைப் பேணவும் அவருக்குக் காரணம் உண்டு. இரண்டையும் விலக்கி, முன்னிலையில் இல்லாத ஒருவருக்காக உண்மையாகவே வாதாடுதல் எளிதன்று. நியாயமான பிரதிநிதித்துவம் என்பதன் முழுப் பாரமும் அச்சிறு வேடத்தில் இருக்கின்றது.

முன்னிலையில் இல்லாத வீரருக்கும் ஒன்று கடனாக எஞ்சுகின்றது. அது பணமன்று. அவர் காயமுற்று வீழ்ந்தபோது, தம் கணக்குக் கெட்டதென்று அவரை வையாதிருத்தலே அது. விலை எழுதிய பட்டியலுக்கு அப்பால் வலியுடைய ஓர் உடல் உண்டு என்ற நினைவு நிலைக்கும்வரை, பெயரை விலைபேசும் விளையாட்டு மனிதரை விலைபேசும் மனப்பழக்கமாக மாறாது.

சுருங்கக் கூறின், கற்பனை லீக்கில் வாக்கை மீறுவோருக்குச் சிறையில்லை. காப்போருக்குப் பெரும்பரிசும் இல்லை. அதனாலேயே அது சிந்தனைக்குரியதாகின்றது. தண்டனையின் அச்சமும் ஆதாயத்தின் ஆசையும் குறைந்த இடத்தில் ஒருவர் நேர்மையாகப் பேரம் பேசுவாராயின், உடனிருப்போர் தம்மை நம்பியிருக்கின்றனர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருத்தல் அரிது. பெருங்காரியங்களிலும் வாக்கு நிலைபெறுவதற்கு இறுதியில் அதுவே காரணமாகும்.