காற்றுக்கண்

விண்டோ.

ஆங்கிலேயர் வாயில் உதடு குவிந்து தொடங்குகிறது. குவிந்தே முடிகிறது. இடையில் கொஞ்சம் காற்று.

*

பழைய நோர்ஸ் மொழியில் விண்டௌகா.

விண்ட், காற்று. ஔகா, கண்.

*

நீண்ட மரவீடு. நடுவில் கணப்பு எரிகிறது. கூரையில் ஒரு திறப்பு. புகை மேலே போகிறது. வெளிச்சம் கீழே வருகிறது.

இரண்டுக்கும் ஒரே வழி.

கண்ணாடி கிடையாது. மழை பெய்தால் மழையும் வரும்.

*

9-ஆம் நூற்றாண்டு. டென்மார்க்கிலிருந்தும் நார்வேயிலிருந்தும் கப்பல்கள். வாளோடு வந்தவர்களில் பலர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் உழுது தங்கிவிடுகிறார்கள்.

அக்கம்பக்கத்துப் பேச்சில் சொல் கலக்கிறது. 1200-ஐ ஒட்டி ஆங்கில எழுத்தில் தென்படுகிறது.

*

அங்கே ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. ஏயக்திர்ல். கண்துளை.

புதியது வர, பழையது மெல்ல ஒதுங்குகிறது.

பாதி மட்டும் தங்குகிறது. திர்ல், துளை. இன்றைய நாஸ்ட்ரில் என்ற சொல்லுக்குள். மூக்கின் துளை.

*

மூச்சு உள்ளே வருகிறது. இடது துளையின் விளிம்பில் குளிர்ச்சி. வலதில் லேசான அடைப்பு.

வெளியே போகிறது. மேலுதட்டில் வெதுவெதுப்பு.

அடுத்த மூச்சுக்கு முன் ஒரு சின்ன இடம். அங்கே எதுவும் நடக்கவில்லை.

*

துளைத்தல் என்ற அதே வேரில் த்ரில்.

உடம்பை ஊடுருவிப் போகும் சிலிர்ப்பு.

*

இலத்தீனின் ஃபெனஸ்ட்ரா, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வருகிறது. விண்டோவோடு சில நூற்றாண்டுகள் சேர்ந்து புழங்குகிறது. 16-ஆம் நூற்றாண்டில் வழக்கொழிகிறது.

ஒரே சுவர். ஒரே திறப்பு. ஒரு பெயர் போதும் போலிருக்கிறது.

*

தமிழில் காலதர். கால், காற்று. அதர், வழி.

சிலப்பதிகாரத்துப் புகாரில் மாளிகைக் காலதர்களுக்கு மானின் கண்.

வடகடல் மொழிக்கும் புகாருக்கும் தொடர்பில்லை. காற்றும் கண்ணும் இங்கும் அருகருகே.

*

இப்போது எல்லார் வாயிலும் ஜன்னல். போர்த்துக்கீசிய ஜனேலா. அதன் வேரில் இலத்தீனின் சிறிய கதவு.

கண்ணாக ஓரிடத்தில். வழியாக ஓரிடத்தில். கதவாக ஓரிடத்தில்.

*

விண்டோ மேலும் விரிகிறது.

தபால் உறையில் முகவரி தெரியும் நீள்சதுரம். ராக்கெட் கிளம்பத் தோதான நேரம். மருந்து கொடுத்தால் பலிக்கும் சில மணி நேரம். காலத்திலும் திறப்பு இருக்கிறது. மூடிக்கொள்கிறது.

*

1985. மைக்ரோசாஃப்ட் தன் கணினி மென்பொருளுக்கு அந்தப் பெயரை வைத்து வெளியிடுகிறது.

விரல் தொடுகிறது. ஒரு சட்டகம் திறக்கிறது. இன்னொன்று. காற்று வரவில்லை. கண் மட்டும் போகிறது.

*

நார்வேயில் இன்றும் விண்டு. ஸ்வீடனில் இலத்தீன் வழி வந்த சொல்.

நோர்ஸ் மொழியை அதிகம் மாறாமல் காத்துவருவது ஐஸ்லாந்து. அங்கே வழக்கில் இருப்பது க்ளுக்கி. அதில் காற்றும் இல்லை, கண்ணும் இல்லை.

ஏன் என்று ஒரு கேள்வி எழுகிறது.

எழுந்து, அதன் போக்கில் போகிறது.