ரீசார்ஜில் கடைசித் தீவின் பங்கு

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையிலுள்ள தொழிற்பேட்டைகளில் உலகச் சந்தைக்குப் போகும் கைப்பேசிகள் தயாராகின்றன. செல்போன் கோபுரங்களுக்கான கருவிகளை ஒரகடத்திலுள்ள நோக்கியா ஆலை 2008 முதல் செய்துவருகிறது. இந்த வட்டாரத்தில் ஷிஃப்டு பார்க்கும் பெண் தொழிலாளர்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கே தங்கியிருக்கும் ஒருவர் 200 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால், ஜிஎஸ்டி போக மிஞ்சும் தொகையில் ஏறத்தாழ 8 ரூபாய், அவர் வாழ்நாளில் பார்க்க வாய்ப்பில்லாத மலைக்கும் தீவுக்கும் தொலைத்தொடர்பு தருவதற்கென்று ஒதுங்குகிறது. அப்படி ஒதுங்குவது அவருக்குத் தெரியாது. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட வருவாயில் 5 விழுக்காட்டை அரசு இதற்காக வசூலிக்கிறது. 2002இல் உலகளாவிய சேவைக் கடப்பாட்டு நிதி என்ற பெயரில் தொடங்கிய இந்த ஏற்பாடு, 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு டிஜிட்டல் பாரத் நிதியாக மாறியிருக்கிறது. கட்டுவது நிறுவனம். ஆனால் அந்த வருவாயில் பெரும்பகுதி சந்தாதாரர்கள் கொடுத்தது. அப்படியானால், மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் ஒப்பந்தத் தொழிலாளியின் பணத்தை எடுத்து, சில நூறு பேர் மட்டுமே வாழும் ஒரு தீவுக்குச் செயற்கைக்கோள் இணைப்புத் தருவது அறமா?

மறுப்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுகளுக்குக் கடலடியில் போடப்பட்டு 2024 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட கேபிளுக்கு இந்த நிதியிலிருந்து 1,072 கோடி ரூபாய் செலவானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 64,473 பேர். தலைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல். கேபிளும் எட்டாத இடங்களுக்குத்தான் செயற்கைக்கோள் வேண்டியிருக்கிறது. அங்கே அனுப்பும் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் நகரத்தைவிடப் பல மடங்கு விலை. அதே பணத்துக்குச் சமவெளியில் எத்தனை கிராமங்கள் பயன்பெறும்? பணம் கொடுக்கும் தொழிலாளியின் வாடகைக்கும் மருத்துவச் செலவுக்கும் யார் பதில் சொல்வது?

இந்தக் கணக்கில் ஒரு குறை இருக்கிறது. இணைப்பு கொடுக்க ஆகும் செலவை அது தலைக்கு இவ்வளவு என்று வகுக்கிறது; இணைப்பு இல்லாததால் போவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியபோது, தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே கரையை விட்டுப் போயிருந்தார்கள். செல்போன் அலை கரையிலிருந்து சில பத்து கிலோமீட்டரோடு நின்றுவிடும். விஎச்எஃப் வயர்லெஸ்ஸும் அதிக தூரம் போகாது. புயல் எச்சரிக்கை கரையில் ஒலித்தது. கேட்க வேண்டியவர்களின் படகுகளுக்கு அது போய்ச் சேர வழி இல்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். 1 லட்சம் படகுகளில் இஸ்ரோ தொழில்நுட்பத்தில் அமைந்த டிரான்ஸ்பாண்டர்களை இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது. படகுக்கு 36,400 ரூபாய். அந்தக் கருவி வழியாகக் கரையிலிருந்து வரும் ஒரு வரிச் செய்தி படகைத் திருப்பிவிடும் என்றால், இந்தச் செலவை அதிகம் என்று எந்த அளவுகோல் கொண்டு சொல்வது?

உயிர் காப்பதோடு கடமை முடிவதில்லை. ஓய்வூதியம், ரேஷன், வங்கி, கல்லூரி விண்ணப்பம் என்று எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றியது அரசு. கவுன்ட்டரைத் தானே இடம் மாற்றிவிட்டு, அங்கே போகும் வழியை மட்டும் குடிமக்களின் பொறுப்பில் விட முடியாது. டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொன்னது இந்த நியாயத்தைத்தான். கூட்டம் குறைவான மலைக் கிராமத்துக்கும் அரசுப் பேருந்து போகிறது. அந்த நட்டத்தை மற்றவர்களின் பணம் தாங்குகிறது. அதைத் தவறென்று யாரும் சொல்வதில்லை.

வள்ளுவர் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வைத்தார். தீவுகளுக்குத் தரும் இணைப்பு முதல் வகையைச் சேர்ந்தது. தானமாகக் கொடுத்தால், கொடுத்த அன்றோடு கொடுத்தவரின் வேலை முடிந்துவிடுகிறது. ஊரோடு சேர்ந்து வாழும் கடமையாகக் கொடுத்தால், அது நாளையும் நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பும் கூடவே வருகிறது. தொலைதூர இணைப்புத் திட்டங்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இரண்டாவது பொறுப்பில்தான்.

இந்தியா இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே பார்த்திருக்கிறது. நாசாவிடமிருந்து ஓராண்டுக்குக் கிடைத்த ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் மூலம் 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. விவசாயம், சுகாதாரம், பள்ளிப் பாடம் எல்லாம் அதில் வந்தன. உலகமே வியந்த சோதனை அது. ஆனால் தவணை முடிந்ததும் செயற்கைக்கோள் விலகிப் போனது. இஸ்ரோவுக்கு அந்த ஓராண்டு விலைமதிப்பில்லாத அனுபவம் தந்தது. பார்த்துப் பழகிய கிராமத்துக்கோ, கிடைத்தது கைவிட்டுப் போனது. சோதனை என்று முன்கூட்டியே சொல்லிச் செய்ததால் அதைப் பிழை என்று சொல்ல முடியாது. சேவை என்று பெயர் வைத்துவிட்டு அப்படியே செய்தால் அது பிழை.

டிஷ் வைப்பது ஒருநாள் வேலை. அதற்குப் பிறகு மின்சாரம் வேண்டும், பேட்டரி மாற்ற வேண்டும், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் பாகங்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், மாதந்தோறும் அலைவரிசைக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அதிக வேகம் தரும் கா-பேண்ட் அலைகள் கனமழையில் வலுவிழக்கும். புயல் நாளில், அதாவது மிகவும் வேண்டிய நாளில், இணைப்பு தடுமாறும். இவற்றுக்கெல்லாம் பணம் ஒதுக்காமல் கருவிக்கு மட்டும் ஒதுக்குவது, திறப்புவிழாவுக்குச் செலவு செய்வது. ஒரு தீவுக்கு இணைப்புத் தருவதாக முடிவு செய்யும் நாளிலேயே குறைந்தது பத்தாண்டு நடத்தும் செலவையும் ஒதுக்கி வைக்க வேண்டும். முடியாவிட்டால் தீவுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். வாக்குறுதியைக் குறைக்கக் கூடாது.

பணம் தனியார் நிறுவனங்கள் வழியாகப் போகும்போது இந்த எச்சரிக்கை இன்னும் கூட வேண்டும். ஒன்வெப், ஜியோ, ஸ்டார்லிங்க் ஆகியவை இந்தியாவில் செயற்கைக்கோள் சேவைக்கான உரிமம் பெற்றிருக்கின்றன. அத்தகைய நிறுவனங்களுக்கு மானியம் போவதில் தவறில்லை. மானியம் எதனோடு கட்டப்படுகிறது என்பதே கேள்வி. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலை 2006இல் பெரும் சலுகைகளோடு வந்தது, 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலையிழந்தார்கள். நிறுவனத்துக்குப் போக வேறு நாடுகள் இருந்தன. வேலை போனவர்களுக்கு வேறு ஊர் இல்லை. ஒரகடம் வட்டாரம் விலை கொடுத்துக் கற்ற இந்தப் பாடம் தீவுக்கும் பொருந்தும். மானியத்தைச் சேவை நடந்த நாட்களுக்கு ஏற்பத் தவணையாகத் தர வேண்டும். நிறுவனம் விலகினால் தரைக் கருவிகளும் பொறுப்பும் பொதுத்துறைக்கு வந்து சேர வேண்டும்.

பெறுபவரின் சம்மதம் இன்னொரு நிபந்தனை. வடக்கு சென்டினல் தீவு மக்கள் வெளியுலகத் தொடர்பை வேண்டாம் என்று பலமுறை தெளிவாக உணர்த்தியிருக்கிறார்கள். அந்தமான் பழங்குடிகளைக் காக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் அவர்கள் பக்கம் நிற்கிறது. யாரும் விடுபடக் கூடாது என்ற நல்ல நோக்கம், யாரும் விலகியிருக்கவும் கூடாது என்ற கட்டாயமாகிவிடக் கூடாது. கேட்கும் ஊர்களிலும்கூட, முதலில் எது வேண்டும், சுகாதார நிலையத்துக்கா பள்ளிக்கா படகுத்துறைக்கா என்பதை அந்த ஊரார் சொல்ல வேண்டும்.

செயற்கைக்கோள் சாக்காகவும் மாறிவிடக் கூடாது. அந்தமானுக்கு முன்பு செயற்கைக்கோள் வழியே கிடைத்தது நொடிக்கு 2 ஜிகாபிட். அதை 4 ஆக உயர்த்தவே பெரும் செலவானது. 1,224 கோடி ரூபாயில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடியில் போய் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கேபிள், சென்னைக்கும் போர்ட்பிளேருக்கும் இடையே 200 ஜிகாபிட் வீதம் இரண்டு தடங்களைத் தாங்கக் கூடியது. கேபிள் போடக்கூடிய இடத்தில் டிஷ்ஷோடு நிறுத்திக்கொள்வது, அங்குள்ளவர்களை நிரந்தரமாக இரண்டாம் தரத்தில் வைப்பது. கேபிள் வர முடியாத தீவுக்கும், கேபிள் அறுந்துபோகும் நாளுக்கும், கடலில் இருக்கும் படகுக்கும் உரியது செயற்கைக்கோள்.

ஆகவே, அந்த 8 ரூபாயை எடுப்பது அறம்தான். எடுத்துவிட்டுச் செலவிடாமல் வைத்திருப்பதே அறமற்ற செயல். இந்த நிதியில் சேர்ந்ததில் கணிசமான பகுதி நெடுங்காலம் செலவாகாமல் கிடந்திருக்கிறது. தீவுக்கும் போகாமல், கொடுத்தவரிடமும் திரும்பாமல் தேங்கும் பணம் இரு தரப்புக்கும் இழைக்கும் அநீதி. சுமையைப் பகிர்வதிலும் நியாயம் கூட வேண்டும்: நகரத்துச் செயற்கைக்கோள் சந்தாதாரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் வீதம் நிறுவனங்களிடம் கூடுதல் கட்டணம் வசூலிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 மே மாதம் பரிந்துரைத்தது, வசதியுள்ளவர் தோளில் கொஞ்சம் அதிகமாக ஏற்றும் சரியான திசை. அதோடு, எந்தத் தீவுக்கு எவ்வளவு போனது, இன்று அங்கே இணைப்பு வேலை செய்கிறதா என்ற கணக்கை ஆண்டுதோறும் எளிய தமிழிலும் பிற மொழிகளிலும் வெளியிட வேண்டும். கேட்காமல் எடுத்த பணத்துக்குச் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, அது போன இடத்தைச் சொல்வது. வல்லம் வடகால் விடுதியில் தங்கியிருப்பவர் தம் 8 ரூபாய்க்குக் கணக்குக் கேட்கலாம். நின்றுபோன இணைப்புக்குக் கடைசித் தீவில் இருப்பவர் பதில் கேட்கலாம். இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே அலுவலகம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.