லாலி ரோடும் வ.உ.சி. மைதானமும்

கோவை நேரு ஸ்டேடியத்துக்குத் தமிழகக் கால்பந்தில் தனி இடம் உண்டு. 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி அணி இங்கேதான் மினர்வா பஞ்சாபை 3–1 என வென்று ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. பக்கத்திலேயே வ.உ.சி. பூங்காவும் வ.உ.சி. மைதானமும் இருக்கின்றன. மத்தியச் சிறை, ரேஸ்கோர்ஸ், ஹுசூர் ரோடு எல்லாம் நடந்து போகும் தூரம்தான். கலெக்டர் கச்சேரிக்கு வெள்ளைக்காரர் காலத்தில் வழங்கிய பெயர் ஹுசூர். வெள்ளகோவில், காங்கேயம், தாராபுரம் பக்கத்து நிலவரிக் கணக்கெல்லாம் அன்று இந்த ஊருக்குத்தான் வந்து சேர்ந்தது.

இந்தப் பெயர்களிடையே பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு தெருவுக்கு இட்ட பெயர் அந்த மனிதரைப் போற்றுகிறதா, இடத்தைச் சுட்டுவதோடு நின்றுவிடுகிறதா? போற்றுகிறது என்றால், அடக்கியாண்டவரின் பெயரைத் தினமும் உச்சரிப்பவருக்கும் அந்தப் போற்றுதலில் பங்கு உண்டு. சுட்டுவது மட்டும்தான் என்றால், விடுதலை வீரரின் பெயரைச் சூட்டுவதாலும் பெரிதாக ஒன்றும் நிகழ்வதில்லை.

சுட்டுவது மட்டுமே என்று வாதிட்டவர்களில் முதன்மையானவர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1843இல் வெளிவந்த தருக்க நூலில் அவர் டார்ட்மவுத் என்ற ஊரை எடுத்துக்காட்டினார். டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பதால் அந்த ஊருக்கு அப்பெயர். ஆறு திசைமாறி விலகிப் போனாலும் பெயர் நிலைக்கும். ஏனெனில் காரணம் பெயரின் பொருளில் அடங்கியதல்ல. இதை எழுதியபோது மில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலையில் இருந்தார். 1823 முதல் 1858 வரை அங்கேதான் அவருக்குச் சம்பளம். பெயரிடும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்ற கேள்வி அவருடைய வாதத்தில் இல்லை. பெரிய குறை அதுதான்.

தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் நுட்பமானது. நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் என இரண்டாகப் பார்க்கிறது. அதை இயற்றிய பவணந்தி முனிவர் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தவர் என்பது கொங்கு நாட்டு மரபு. தெருப் பெயர்கள் காரணத்தோடு பிறந்து, காரணம் மறந்தபின் இடுகுறியாகவே புழங்குகின்றன. கோவையின் மேற்கே உள்ள லாலி ரோடு அப்படிப்பட்டது. வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் பேருந்து ஏறுபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லாலி ஒரு நிறுத்தம், அவ்வளவே.

ஆர்தர் லாலி 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண கவர்னர். அதற்கு முன் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் துணை கவர்னராக இருந்தவர். 1910இல் காந்தி டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கியபோது அதற்கு அருகில் இருந்த ரயில் நிலையத்தின் பெயரும் லாலிதான். தமிழர் பலர் சத்தியாகிரகிகளாகத் தங்கிய பண்ணை அது. அதே 1910இல், அதே லாலியின் ஆட்சியில், வ.உ. சிதம்பரனார் கோவைச் சிறையில் இருந்தார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய குற்றத்தை அரசு அவருக்கு மன்னிக்கவே இல்லை. 1908 ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; உயர் நீதிமன்றம் அதைப் பின்னர் குறைத்தது. சிறையில் மாடு இழுக்கும் செக்கை அவரை இழுக்க வைத்தார்கள். எண்ணெய் ஆலைகளுக்குப் பேர்போன வெள்ளகோவில் வட்டாரத்தில் செக்கின் பாரம் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

லாலி என்ற பெயரில் அந்தச் செக்கும் இருக்கிறது. பெயர் வெறும் சுட்டு என்று விட்டுவிட்டால் அது கண்ணில் படாது. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்பதும் சரியல்ல. கோவையில் கிருஷ்ணசாமி சாலை என்று அரசு ஏட்டில் உள்ளதைத் தேயிலைக் கம்பெனியின் பெயரால் புரூக்பாண்ட் ரோடு என்றே மக்கள் சொல்கிறார்கள். சூட்டிய பெயரும் தேய்கிறது. பொருட்காட்சிக்கும் குடியரசு தின அணிவகுப்புக்கும் வருகிறவர்களுக்கு வ.உ.சி. கிரவுண்ட் என்பது பெரும்பாலும் மூன்று எழுத்துகள்தான். ஆண்டவரின் பெயரும் அடிபட்டவரின் பெயரும் ஒரே விதமாக மறதிக்குள் போகும்போது இழப்பு மட்டும் சமமாக இல்லை. லாலியை நினைவில் வைக்கக் கவர்னர் மாளிகை ஆவணங்கள் உண்டு; செக்கிழுத்தவரை நினைவில் வைக்கும் கடமை ஊர்மக்களுடையது.

சிறை வளாகத்து நிலத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா எழுந்திருக்கிறது; சிறையை நகருக்கு வெளியே மாற்றும் ஏற்பாடும் உள்ளது. மில் சொன்ன ஆறு இங்கே உண்மையாகவே திசைமாறுகிறது. சிறை போன பிறகு பக்கத்து மைதானத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்பதைச் சொல்ல மதில்கூட மிஞ்சாது. எனவே வ.உ.சி. மைதானத்தின் பெயர்ப் பலகையில் 1908, 1910 என்ற ஆண்டுகளும் சிறையும் செக்கும் எழுதப்பட வேண்டும். லாலி ரோட்டின் பலகையிலும் அந்த கவர்னர் யார், அவர் ஆண்ட காலத்தில் கோவைச் சிறையில் யார் இருந்தார் என்பது இடம்பெற வேண்டும்.