அப்பா படிச்ச பதிவு



ரெண்டு வருஷம் முன்னாடி ஆடிக்கிருத்திகை அன்னிக்கு பேஸ்புக்ல ஒரு பதிவு போட்டேன். அப்பா கடன்பட்டுத் தவிச்ச நாட்கள், அதிலிருந்து முருகன் எங்களை மீட்டது, எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதினேன். எழுதும்போதே கண்ணு கலங்கிச்சு. மனசு லேசாச்சு. முகம் தெரியாத ஒரு தம்பி, "அண்ணா, எங்க வீட்டிலயும் இதேதான். இன்னிக்குத்தான் தெம்பு வந்துச்சு"ன்னு அனுப்பினார். அது பொய்யில்லை, அந்தப் பதிவால ஒருத்தருக்கு நல்லது நடந்திருக்கு. ஆனா கோயில் வரிசையில நின்னுக்கிட்டு எத்தனை லைக்னு எண்ணினதும் நான்தான்.

நாலாம் நாள் சித்தப்பா போன்ல அப்பா அதைப் படிச்சார். திட்டலை. கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா"ன்னார். அவ்வளவுதான். ஒரு வாரம் டீக்கடைப் பக்கமே போகலை. நான் பதிவை அழிச்சேன். அதுக்குள்ள எத்தனை பேர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாங்களோ, யாருக்குத் தெரியும்!

அந்த வாரம் பூரா அருணகிரிநாதர் நினைப்புதான். திருவண்ணாமலை கோபுரத்திலிருந்து குதிச்சவரை முருகன் தாங்கினான்னு நமக்கெல்லாம் தெரியும். பாடுன்னு சொல்லி முதல் அடி எடுத்துக் கொடுத்ததும் அவனே. பேச்சடங்கி இருன்னு உபதேசம் பண்ணினதும் அவனே. அதை அருணகிரியாரே கந்தர் அனுபூதியில பதிவு பண்ணியிருக்கார். இதென்ன, ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கேன்னு தோணும். பெரியவங்க பல விளக்கம் சொல்வாங்க. எனக்குப் பட்டது: முதல்ல உள்ளே அடங்கணும், அப்புறம் வாய் திறக்கணும். நான் அடங்காமலே திறந்துட்டேன்.

திருப்புகழைப் பாருங்க. பாட்டுக்குப் பாட்டு தன் காமம், தன் மூடத்தனம், வரப்போற முதுமை, நோய் எல்லாத்தையும் கூசாம சொல்வார். விலைமாதரைப் பத்திக் கடுமையா பாடியிருக்கார், அதை மறைக்க வேண்டாம். ஆனா கடைசியில 'என்னைக் காப்பாத்து'ன்னு முருகன் முன்னாடி நிக்கிறது அவர்தான். பழி அவர் தலையில. அதனாலதான் சுமார் அறுநூறு வருஷம் கழிச்சும், வழுக்கி விழுந்த ஒருத்தன் அதைத் தன் பாட்டாவே பாட முடியுது. வ.த.சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊரா அலைஞ்சு சுவடி தேடி, 1894-ல முதல் தொகுதியை அச்சிட்டார். கிடைச்சது சுமார் 1,300 பாட்டு. அவர் வெளியில சொல்லாம விட்டிருந்தா நமக்கு என்ன இருக்கும்?

இப்ப என் பதிவுக்கு வாங்க. 'என் கதை'ன்னு எழுதினேனே, அதுல நான் எங்கே இருந்தேன்? அந்தக் கடன்ல பாதி என் காலேஜ் ஃபீஸுக்கு வாங்கினது. அந்த ஒரு வரி மட்டும் பதிவுல இல்லை. அப்பாவோட அவமானத்தை எடுத்து நான் தட்டுல வெச்சுட்டு, என் பங்கை பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்.

எழுதாதீங்கன்னு சொல்ல வரலை தம்பி, தங்கச்சிகளா. நோட்டுல எழுதுங்க, அழுதுக்கிட்டே எழுதுங்க. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுதினதை, விடிஞ்சு விளக்கேத்தினப்புறம் ஒரு தடவை படிச்சுட்டு அனுப்புங்க. கோபுரத்து மேல நின்ன அருணகிரியார் மாதிரி மனசு உடைஞ்சு நிக்கிறீங்களா? அப்ப எழுதிப் போட்டுட்டு பதிலுக்குக் காத்திருக்காதீங்க. உடனே பக்கத்துல இருக்கிற ஒருத்தரை எழுப்பிப் பேசுங்க.

இதை அனுப்பறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட காட்டினேன். மெதுவா படிச்சார். "கடன்னு இருக்கட்டும், பரவாயில்லை"ன்னார். ரெண்டு வரியை அடிச்சார். அம்மாவைப் பத்தின பத்தி வந்ததும், "இது அவ விஷயம், அவளைக் கேளு"ன்னார். கேட்டேன். வேண்டாம்னாங்க. அதான் இதுல இல்லை.

ஓம் சரவணபவ.