மௌனமும் பொய்யாகுமா?

கல்லூரியில் படிக்கும் என் மகன் தடித்த ஆங்கில நாவல் ஒன்றைக் கொண்டு வந்தான். ‘டியூன்’ என்று பெயர். அமெரிக்கரான பிராங்க் ஹெர்பர்ட் எழுதி 1965-ல் வெளிவந்தது. புரட்டினால் மஹ்தி, ஜிஹாத் என்று நம் மார்க்கச் சொற்கள்! கற்பனைக் கதையில் இவற்றுக்கென்ன வேலை என்று முகம் சுளித்தேன். ஆயினும் படிக்காமல் குறை கூறுவது நீதியாகாதே, படித்தேன்.

அர்ராக்கிஸ் என்றொரு பாலைவனக் கிரகம். வியர்வையையும் வடிகட்டிக் குடிநீராக்கும் உடையணிந்து வாழ்கிறார்கள் ஃப்ரெமன் மக்கள். (குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே ஒளுச் செய்யும் நம்மவர்கள் அந்தப் பக்கங்களையாவது படிக்கட்டும்.) தங்களை மீட்க ஒருவர் வருவார் என்பது அவர்கள் நம்பிக்கை. உண்மையில் அது, தம்மவருக்கு ஆபத்து நேர்ந்தால் உதவட்டுமென்று ஒரு பெண்கள் சபை முன்பே விதைத்துவைத்த கட்டுக்கதை. தந்தையை இழந்து தாயோடு தப்பி வரும் பால் என்ற இளைஞனை, ‘இவர்தாம் அவர்’ என்று மக்கள் நம்புகிறார்கள். விதைத்த கதை என்பது அவனுக்குத் தெரியும். மறுத்தால் உயிர் தப்புவது அரிது. அவன் மறுக்கவில்லை. 1969-ல் வந்த அடுத்த நாவலில், தன் பெயரால் நடந்த போர்களில் மாண்டவர் 6,100 கோடி என்று அவனே கணக்குச் சொல்கிறான்.

உயிருக்கு அஞ்சிய நேரத்து மௌனத்தை மன்னிக்கலாம் என்று வாதிடலாம். அரியணை ஏறிய பின்னருமா?

நாயகம் (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம், இரண்டு வயது நிரம்பு முன்னரே மறைந்தார். அன்று சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். பெற்ற மகனை இழந்த துயரில் அண்ணலார் வாளாவிருந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பர்? ஆனால் எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் சூரிய சந்திர கிரகணம் பிடிப்பதில்லை என்று அப்போதே அறிவித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. தமக்குப் பெருமை சேர்க்கும் தவறான எண்ணத்தை ஒரு நாள்கூட வாழவிடவில்லை.

இதை எழுதும் எனக்கும் ஒரு கணக்கு உண்டு. சில மாதங்களுக்கு முன் காய்ச்சல் கண்ட குழந்தைக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். டாக்டரின் மருந்தும் உள்ளே போயிற்று. குணமானதும் அந்தத் தாய், “எல்லாம் உங்கள் ஓதலின் பரக்கத்து ஹஜ்ரத்” என்றார். தேநீரைக் குடித்துவிட்டுச் சிரித்தபடி வந்துவிட்டேன். இப்போது பிள்ளைக்கு இருமல் என்றால், டாக்டரிடம் போகாமல் நேரே என் வாசலுக்கு வருகிறார். நேற்றும் வந்தார். மருந்துக்கடைக்காரர் பார்க்கச் சொன்ன டாக்டரின் சீட்டு அவர் முந்தானையில் மடித்தபடியே இருந்தது.